வாடகைக்குக் கேட்கப்படும் பெயர்கள்

கணினி வழியாக நடந்த பெரிய வங்கிக் கொள்ளைகளைப் பற்றி எழுதும் எவரும் இலங்கைக்கென்று ஒரு பத்தியாவது ஒதுக்கவேண்டியிருக்கிறது. காரணம் ஓர் எழுத்துப்பிழை.

2016 பெப்ரவரி 4ஆம் திகதி, வியாழக்கிழமை இரவு. டாக்காவில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் அலுவலர்கள் வீடு திரும்பிய பிறகு, அந்த வங்கியின் பெயரில் நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணமாற்றுக் கட்டளைகள் போயின. கேட்கப்பட்ட மொத்தத் தொகை 95 கோடியே 10 இலட்சம் டொலர். வங்கிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் சுவிஃப்ட் வலையமைப்பின் வழியாக, சரியான அடையாளங்களோடு வந்த கட்டளைகள் அவை. ஐந்து நிறைவேறின. நான்கு மணிலாவுக்குப் போயின: 8 கோடியே 10 இலட்சம் டொலர். ஐந்தாவது கொழும்புக்கு வந்தது: 2 கோடி டொலர், பான் ஏசியா வங்கியில் ஷாலிகா பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தின் கணக்குக்கு.

அந்தக் கட்டளையில் ‘பவுண்டேஷன்’ என்பதை ‘ஃபன்டேஷன்’ என்று எழுதியிருந்தார்கள். இடையில் பணத்தைக் கைமாற்றிய ஜேர்மனியின் டொயிச் வங்கி அதைக் கண்டு விளக்கம் கேட்டது. கொழும்பில் அதைக் கையாண்ட அலுவலருக்கும் சந்தேகம் வந்தது. இலங்கையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஒரே தடவையில் இவ்வளவு பணம் வருமா என்று யோசித்து, அவர் அதுபற்றித் திருப்பிக் கேள்வி கேட்டார். பணம் நின்றது, பங்களாதேஷுக்கே திரும்பியது.

அன்றைய மாற்று வீதத்தில் அது 280 கோடி ரூபாவுக்கு மேல். அந்த மாதம் நமது தோட்டங்களில் ஒரு நாள் சம்பளம், எல்லாக் கொடுப்பனவும் சேர்த்தே, 620 ரூபா. அப்படியானால் ஏறக்குறைய 45 இலட்சம் நாள் உழைப்பின் கூலி ஒரே கட்டளையில் கொழும்பு வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறது. எந்த இயந்திரமும் அதைத் தடுக்கவில்லை. இரண்டு மேசைகளில் இருந்த மனிதர்கள் தமது வேலையைக் கவனமாகச் செய்தார்கள், அவ்வளவுதான். உலகத்தின் எந்தத் திரைப்படமும் அவர்களைக் கதாநாயகர்களாக்கியதாக நமக்குத் தெரியாது.

இந்த இதழின் இளைய வாசகர்கள் ஹேக்கர் படங்களை விரும்பிப் பார்க்கிறார்கள். 2001இல் வந்த ‘ஸ்வோட்ஃபிஷ்’ முதல் நேற்று கைத்தொலைபேசியில் இறக்கிய தொடர் வரைக்கும் அவற்றின் அழகு ஒன்றுதான். ஒருவன் விசைப்பலகைமுன் அமர்கிறான். திரையில் எழுத்துகள் ஓடுகின்றன. ஓரத்தில் கடிகாரம் பின்னோக்கி எண்ணுகிறது. ஒரு நிமிடத்தில் கோடிகள் இடம் மாறுகின்றன. பிறகு கார், துப்பாக்கி, வெடிப்பு. அந்த வேகத்தில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. அதை ரசிப்பதில் தவறில்லை, நாங்களும் ரசிக்கிறோம்.

ஆனால் டாக்காவில் நடந்த களவுக்கு வேகமே கிடையாது. ஒரு வருடத்துக்கு முன்பு, 2015 ஜனவரியில், வேலை தேடும் ஒருவர் அனுப்பியதுபோல வங்கிக்கு மின்னஞ்சல்கள் வந்தன. யாரோ ஓர் ஊழியர் அவற்றிலிருந்த சுயவிபரக்கோவையைத் திறந்தார். நுழைந்தவர்கள் உள்ளே அமைதியாக இருந்து, யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2015 மே மாதம் மணிலாவில் ஆர்.சி.பி.சி. வங்கியின் ஜூப்பிட்டர் வீதிக் கிளையில் போலிப் பெயர்களில் கணக்குகள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 500 டொலர் போட்டார்கள். அடுத்த ஒன்பது மாதம் அவற்றை யாரும் தொடவில்லை. நாளும் பார்த்தே குறித்தார்கள். பங்களாதேஷில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அமெரிக்காவில் சனியும் ஞாயிறும். திங்கட்கிழமை, 8ஆம் திகதி, சீனப் புத்தாண்டு. பிலிப்பைன்ஸில் வங்கி இல்லை. டாக்காவில் பணமாற்றுச் செய்திகளைத் தானாக அச்சிடும் பிரின்டரைத் தமது மென்பொருளால் முடக்கினார்கள். மறுநாள் வேலைக்கு வந்தவர்கள் அது வழக்கமான கோளாறு என்றே நினைத்தார்கள்.

மணிலா வங்கிக்கு ‘பணத்தை நிறுத்துங்கள்’ என்ற செய்தி விடுமுறை முடிந்து 9ஆம் திகதி கிடைத்தது. அன்றைக்கே பெருந்தொகை அந்தக் கிளையிலிருந்து எடுக்கப்பட்டது. பிறகு சூதாட்ட விடுதிகள். அப்போது பிலிப்பைன்ஸின் பணச்சலவைத் தடுப்புச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை, 2017இல்தான் திருத்தினார்கள். ஒன்றரைக் கோடி டொலர் அளவில் மீண்டது. டாக்காவில் மத்திய வங்கி ஆளுநர் பதவி விலகினார். வட கொரிய அரசுக்காக வேலை செய்ததாக ஒரு நிரலாளர்மீது 2018இல் அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. சிறைத்தண்டனைத் தீர்ப்புக் கேட்டவரோ அந்த மணிலாக் கிளையின் முகாமையாளர்.

இங்கேதான் இந்தத் தலையங்கத்தின் காரணம் இருக்கிறது. கணினியைத் திறக்கத் தெரிந்தவன் எங்கோ இருக்கிறான். அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. திருடிய பணம் வந்து இறங்க ஒரு கணக்கு வேண்டும். கணக்குக்கு ஒரு பெயர் வேண்டும், ஓர் அடையாள அட்டை வேண்டும், ஒரு கையொப்பம் வேண்டும். அந்தப் பெயருக்குரியவரைத்தான் பொலிஸ் முதலில் தேடி வருகிறது. ஷாலிகா நிறுவனத்தை நடத்தியவர், ஒரு அறிமுகக்காரர் வழியாக ஜப்பானிய உதவிப்பணம் வருமென்று நம்பியிருந்ததாகவே செய்தியாளர்களிடம் சொன்னார். 2017 ஒக்டோபரில் தாய்வானின் ஃபார் ஈஸ்டேர்ன் வங்கியில் இதே சுவிஃப்ட் வழியாகத் திருட்டு நடந்தது. பணம் அனுப்பப்பட்ட நாடுகளில் இலங்கை மறுபடியும் இருந்தது. வந்த பணத்தை எடுக்கப் போனவர்கள் இங்கே கைதானார்கள். இரண்டு வருடத்துக்குள் இரண்டு உலகக் கொள்ளைகளுக்கு நமது நாடு பணம் இறங்கும் துறையாகத் தெரிவு செய்யப்பட்டிருக்கிறது. கடனில் இருக்கும் நாட்டில் பெயர் மலிவாகக் கிடைக்கும் என்று கொள்ளையர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பெயரின் விலை மலையகத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மலைகளில் தேயிலை நட்டவர்களின் பெயரை நாட்டின் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கு அது முழுமையாகத் திரும்பக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம். குடியுரிமை இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை. இன்றும் பல தோட்டங்களில் லயத்துக் காம்பிராவுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்துவிடப்படுகிறது. வங்கி அனுப்பும் அட்டையும் இரகசிய இலக்கமும் அதே வழியாகத்தான் வருகின்றன. மூன்று தலைமுறை போராடிப் பெற்ற பெயர் இப்படி நான்கு கைமாறி வந்துசேர்கிறது. வந்த கையோடு, ‘உன் கணக்கை இரண்டு மாதத்துக்குத் தா’ என்று கேட்கவும் ஆள் வந்துவிடுகிறது.

கணக்குப் புத்தகத்தின் வழியாக நடக்கும் களவும் நமக்குப் புதிதல்ல. பெரிய கங்காணி முற்பணம் கொடுத்து ஆட்களைக் கொண்டுவந்தார். கடன் எவ்வளவு என்பது அவருடைய ஏட்டில் இருந்தது. கடனை அடைத்தால் இவரை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அதைக் காட்டாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. தன் தலைமேல் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாத ஒருவர், அந்த எண்ணுக்காக ஆயுள் முழுவதும் உழைத்தார். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஏட்டின் அதிகாரம் ஒழியவில்லை. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்கப்படும் கிலோக்கள் இருக்கின்றன. அரச பெருந்தோட்டங்களில் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட ஊழியர் சேமலாப நிதி ஆண்டுக்கணக்காக வைப்பிலிடப்படாமல் கிடந்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர் அதைக் கேட்டு அலைந்தார்கள். எண்ணை எழுதுகிறவர் ஒருவர், எண்ணுக்காக வியர்வை சிந்துகிறவர் இன்னொருவர். கணினி வந்து இந்த உறவுக்குத் தூரத்தை மட்டும் கூட்டியிருக்கிறது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். தோட்டத்தில் வேலை போதாமல் கொழும்புக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போன பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குத்தான் இந்த அழைப்புகள் வருகின்றன. வேலை எதுவுமில்லை, உங்கள் கணக்குக்கு ஒரு தொகை வரும், நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பிவிட்டு, நூற்றுக்கு இவ்வளவு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அட்டையையும் சிம்மையும் எங்களிடம் தந்துவிடுங்கள், மாதம் ஒரு தொகை தருகிறோம். 2024 செப்டம்பரில்தான் தோட்டத்தில் அடிப்படை நாட்கூலி 1350 ரூபா ஆனது. அந்த வருமானத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது சின்னத் தொகையல்ல. அந்தப் பணம் வேறொரு தாயின் அடகு நகைப் பணமாக இருக்கலாம், வேறொரு ஆசிரியரின் ஓய்வூதியமாக இருக்கலாம். யாருடையது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே வராது. பணத்தை இழந்தவர் முறைப்பாடு செய்யும்போது பொலிஸாருக்குக் கிடைக்கும் முதல் பெயர் இந்தப் பிள்ளையுடையது. 2006ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்புச் சட்டமும் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும் நாட்டில் இருக்கின்றன. அழைப்பு எடுத்தவனை அவை பிடிக்குமோ இல்லையோ, கணக்குக்காரரின் கதவைத் தட்டும்.

இது எங்கோ கடல் கடந்து நடக்கும் விஷயமென்று நினைக்கக்கூடாது. 2024 ஒக்டோபரில் கண்டிக்கு அருகே குண்டசாலையில் ஒரு சொகுசு விடுதியை முழுவதுமாக எடுத்துத் தங்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சீன நாட்டவர்களை இணைய நிதி மோசடி தொடர்பில் பொலிஸார் கைது செய்தார்கள். மறுபக்கத்தில், கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போன இலங்கை இளைஞர்கள் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கடவுச்சீட்டைப் பறித்துவைத்துக்கொண்டு, அடித்தும் மின்சாரம் பாய்ச்சியும், முகம் தெரியாத மனிதர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். கங்காணிகள் முற்பணம் காட்டிக் கூட்டிவந்து, கடன் சொல்லி நிறுத்திவைத்த வரலாறு உள்ள சமூகம் நாம். மியாவாடியிலிருந்து மீண்டவர்கள் சொல்வதைக் கேட்கும்போது நமக்கு நெஞ்சு பதறாமல் இருக்குமா?

தமிழ்ச் சினிமா இந்த இடத்தைத் தொட்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2018இல் வந்த ‘இரும்புத்திரை’யில் கதாநாயகனே பொய்யான பத்திரங்கள் கொடுத்து, தரகர் மூலம் வங்கிக்கடன் எடுக்கிறான், வந்த பணம் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. தேவை மிகுந்த மனிதன் தன் விபரங்களை எவ்வளவு எளிதாகக் கைவிடுகிறான் என்று முதல் பாதியில் காட்டியது அந்தப் படத்தின் நேர்மை. பிற்பாதியில் அது வில்லனுக்கும் வீரனுக்குமான சண்டையாகச் சுருங்கியது. தரகரிடம் வரிசையில் நின்ற மற்றவர்கள் படத்திலிருந்து நழுவிப்போனார்கள். 2023 பொங்கலுக்கு வந்த ‘துணிவு’ வங்கியே கொள்ளையடிக்கும் விதத்தைப் பேசியது. அதையும் துப்பாக்கி ஏந்திய ஒருவர்தான் நமக்கு விளக்கவேண்டியிருந்தது.

மலையகத்தில் எழுதுகிறவர்களிடம் எமக்கு ஒரு வருத்தம் உண்டு. எம் மேசைக்கு வரும் கதைகளில் லயம் இருக்கிறது, மழை இருக்கிறது, அட்டைக்கடி இருக்கிறது, பிரட்டுக்களம் இருக்கிறது. இவையெல்லாம் உண்மைகள், இன்னும் எழுதித் தீராதவை. ஆனால் அதே லயத்தில், அதே மழையில், ஒரு பெண்ணின் கைத்தொலைபேசிக்கு ஓர் இரகசிய இலக்கம் வந்து, அதை யாரோ கேட்டு வாங்கி, அவள் சீட்டுப் பணம் முழுவதும் போய்விடுவதை ஏன் எவரும் எழுதவில்லை? கணக்கை வாடகைக்குக் கொடுத்த பையன் தலவாக்கலை பஸ் தரிப்பிடத்தில் பொலிஸ் ஜீப்பைக் கண்டதும் என்ன நினைத்தான்? எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்த அந்த வங்கி ஊழியரின் அன்றைய மாலை எப்படியிருந்திருக்கும்? திகில் கதைக்கு வேண்டிய அனைத்தும் இவற்றில் இருக்கின்றன. திகில் கதையைத் தரம் குறைந்த எழுத்தென்று ஒதுக்கிவைக்கும் பழக்கத்தைச் சிற்றிதழ்க்காரர்களாகிய நாங்களும் கைவிட ஆயத்தமாக இருக்கிறோம். குற்றத்தின் இயக்கத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டு, அதில் சிக்கிய மனிதர்களைக் கைவிடாமல் எழுதப்படும் கதைகளுக்கு அடுத்த இதழில் பக்கங்களை ஒதுக்கி வைக்கிறோம். வங்கியில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இப்போது அட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள்.

ஆசிரியர்களிடமும் தொழிற்சங்கக் காரியாலயங்களில் இருப்பவர்களிடமும் வேறொரு வேண்டுகோள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளை ஒரு பிற்பகல் கூட்டி, வங்கிக் கணக்கு என்பது என்ன, அதன் பெயரில் நடக்கும் எதற்கும் யார் பொறுப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள். கணக்கைக் கேட்டு வருபவர் சொந்தக்காரராக இருந்தாலும் கொடுக்க வேண்டாமென்று சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்ட பிள்ளையைத் திட்டாமல், கையோடு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கணக்கை நிறுத்தச் செய்யுங்கள். 2016இல் அந்த 2 கோடி டொலர் திரும்பியது, கணக்கிலிருந்து எவரும் எடுப்பதற்கு முன்பே கேள்வி கேட்கப்பட்டதால்தான்.