ஆணுறை என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு வகுப்பில் வேற்றுமைத்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டு கேட்டபோது பின்வரிசை மாணவர் ஒருவர் ‘ஆணுறை’ என்றார். வகுப்பே சிரித்தது. ஆணுக்கு உறை; நான்காம் வேற்றுமைத்தொகை; பிழையற்ற விடை. நானோ ‘வேறு சொல்லுங்கள்’ என்று சட்டெனக் கடந்துவிட்டேன். அந்தக் கோழைத்தனம் இன்றும் உறுத்துகிறது.

1968இல் நடுவண் அரசு ‘நிரோத்’ என்ற பெயரில் மூன்று உறைகளைப் பதினைந்து காசுக்கு விற்கத் தொடங்கியது. தேயிலையும் சோப்பும் விற்ற நிறுவனங்களின் வழியே அது கடைகளுக்குச் சென்றது. அன்று சொல்லப்பட்ட பயன் குடும்பக் கட்டுப்பாடு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபின் நோய்த்தடுப்பு முன்னுக்கு வந்தது. மாத்திரையோ, காப்பர்-டியோ, அறுவையோ பால்வினை நோயைத் தடுப்பதில்லை. கருத்தரிப்பையும் தொற்றையும் ஒருசேரத் தடுப்பவை உறைகளே. எனினும் இப்பெருமையே அதற்குப் பழியாகவும் முடிந்தது. பரத்தமையின் அடையாளமாக அதைப் பார்க்கப் பழகிவிட்டோம். கணவனிடம் ஆணுறை கேட்கும் மனைவி அவனைச் சந்தேகிக்கிறாள், அல்லது சந்தேகத்துக்குரியவளாகிறாள்!

இக்கூச்சத்தின் விலையைச் செலுத்துவோர் பெண்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் கருத்தடை அறுவை செய்துகொண்டோர் 37.9 விழுக்காடு; ஆணுறையை நம்பியோர் 9.5, கணவன் அறுவை செய்துகொண்டது வெறும் 0.3. ஓர் உறையை அணிய மறுப்பவனுக்காக ஒருத்தி வயிற்றில் கத்தி வாங்குகிறாள். இதைக் குடும்ப நலம் என்று எவ்வாறு அழைப்பது?

‘அது கிழிந்துவிடும், நம்ப முடியாது’ என்பார் உண்டு. ஓராண்டு முறையாகவும் தவறாமலும் பயன்படுத்தும் நூறு இணைகளுள் கருத்தரிப்பு ஏறத்தாழ இரண்டு, நடைமுறையில் பதின்மூன்று. இவ்வேறுபாடு பெரும்பாலும் அறியாமையால் விளைவது. தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் உறை நைந்துபோகும் என்பதை எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறோம்? பணப்பையில் மாதக்கணக்கில் வெப்பத்தில் கிடந்ததும், காலாவதியானதும் உதவா. ஒருமுறை பயன்படுத்தியதை மறுமுறை பயன்படுத்தலாகாது.

மருந்துக்கடையில் இன்றும் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் இட்டுத்தான் தருகிறார்கள். வாங்குபவரும் பெயர் சொல்லாமல் விரலால் சுட்டுகிறார். வரும் பருவத்தில் வேற்றுமைத்தொகை மீண்டும் என் பாடம். இம்முறை அச்சொல்லை நானே கரும்பலகையில் எழுதப்போகிறேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க நேரமுண்டு.