வானம் கண்டதும் கரை அறியாததும்

செய்மதி என்றதும் நம்மிற் பலருக்குப் பெருமையே முதலில் நினைவுக்கு வருகின்றது. 2019ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 'இராவணா-1' விடுவிக்கப்பட்டபோது நம் நாட்டவர் மகிழ்ந்தது இயல்பே. பக்கமொன்று ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர் கொண்ட அச்சிறு பெட்டியை, யப்பானின் கியூஷூ தொழினுட்ப நிறுவகத்திற் பயின்ற தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா என்னும் இரு இலங்கைப் பொறியியலாளர் அமைத்தனர். அது தன் பணி முடிந்து வளிமண்டலத்தில் எரிந்தழிந்துவிட்டது. ஆயினும், கொடி பறந்ததா என்பதன்று செய்மதியின் பயனை அளக்கும் கோல். வானத்திற் பெற்ற செய்தி, அது வேண்டிய மனிதனின் காதுக்கு வேண்டிய வேளையில் எட்டிற்றா என்பதே அக்கோல் என்பது என் துணிபு.

பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் வாழ்வோருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஏழு மணியளவிற் சுமாத்திராவின் அருகே கடற்றளம் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையை விழுங்கிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழரென்றும் முஸ்லிமென்றும் அலை பேதம் பாராட்டவில்லை. அந்த வேளையிலேயே, அமெரிக்காவும் பிரான்சும் இணைந்து ஏவிய 'ஜேசன்-1' என்னும் செய்மதி, ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேலான உயரத்தில் இந்துமாகடலைக் கடந்து சென்றது. ஆழ்கடலில் ஓடிய அவ்வலையின் உயரம் ஏறத்தாழ அறுபது சென்ரிமீற்றர் என்பதையும் அளந்தது. ஆனால், அவ்வளவீடு தரைக்கு வந்து, கணிக்கப்பட்டுப் பொருள் விளங்குவதற்குப் பல மணி நேரம் சென்றது. எச்சரிப்பதற்காக அமைக்கப்பட்ட கருவியன்று அது. வானம் கண்டது, கரை அறியவில்லை. கண் இல்லாமையால் நாம் அழியவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் இடையே நரம்பு இல்லாமையால் அழிந்தோம்.

அந்நரம்பு பின்னர் ஓரளவு கட்டப்பட்டது. கடலடியில் வைக்கப்பட்ட அமுக்கமானிகள் மேலே மிதக்கும் மிதவைக்கு ஒலியாற் செய்தி சொல்ல, மிதவை அதனைச் செய்மதிக்கு அனுப்பும். செய்மதி எச்சரிக்கை நிலையத்துக்குச் சேர்க்கும். ஐதராபாத் நகரில் 2007ஆம் ஆண்டு இந்தியா அத்தகைய நிலையமொன்றை நிறுவிற்று. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கப்பாற் கடல் மீண்டும் அதிர்ந்தபோது, நம் கரையோர மக்கள் முன்னறிவிப்புப் பெற்று உள்நாட்டுக்கு நகர்ந்தனர். பேரலை வரவில்லை, ஆயினும் செய்தி வந்தது.

இத்தகைய நரம்புகளை யார் பின்னுகிறார்கள்? அரசுகள் மட்டுமல்ல, தொழிலறிஞரின் சங்கங்களும் பின்னுகின்றன. 'ஐ டிரிபிள் ஈ' என வழங்கும் மின், இலத்திரனியற் பொறியியலாளர் நிறுவகத்தை நோக்குக. 1884இலும் 1912இலும் தோன்றிய இரு அமெரிக்க நிறுவகங்கள் 1963இல் ஒன்றாகி அப்பெயர் பெற்றன. இன்று உலகெங்கும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர் அதில் உளர். விண்கலத் தொகுதிகளை ஆராயும் சங்கமும், செய்மதி தரும் அளவீடுகளை ஆராயும் தொலையுணர்தற் சங்கமும் அதன் கிளைகள். மாநாடு கூட்டுதல், ஆய்வேடு வெளியிடுதல், நியமங்கள் வகுத்தல், விரிவுரையாளரை அனுப்புதல், மாணவர் கிளைகளை வளர்த்தல் என்பன அவற்றின் பணிகள். ஒரு நாட்டின் மிதவை இன்னொரு நாட்டின் செய்மதியோடு பேசவேண்டுமாயின், இருவரும் முன்னரே ஒரு முறைக்கு உடன்பட்டிருத்தல் வேண்டும். அவ்வுடன்பாட்டுக்கு நிலம் பண்படுத்துவோர் இத்தகைய சங்கத்தாரே. இலங்கையிலும் அதன் பிரிவு இயங்குகின்றது.

இப்பணியை நான் மதிக்கிறேன்; ஆயினும் ஒரு குறை கூறாதிருக்க இயலவில்லை. அவர்தம் ஏடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. கூட்டங்கள் பெரும்பாலும் நகரங்களிலும் பல்கலைக்கழக மண்டபங்களிலும் நிகழ்கின்றன. செய்மதியின் செய்தி இறுதியில் வந்து சேரவேண்டிய இடமோ வலை உலர்த்தும் மணற்கரை. அங்கே மொழி தமிழ். கடைசி முழத்தில் அறும் கயிறு முழுக் கயிறும் அறுந்ததற்கு ஒப்பாகும்.

பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒலுவிலில் நம் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. அதன் மாணவர் மாதமொருமுறை கரையோரப் பாடசாலைக்கு வந்து, எச்சரிக்கை எவ்வழியே பிறந்து எவ்வழியே வருகின்றது என்று தமிழில் விளக்கலாம். அமெச்சூர் வானொலி வழியே விண்வெளி நிலையத்து வீரரோடு பாடசாலைப் பிள்ளைகள் உரையாட வாய்ப்பளிக்கும் உலகத் திட்டமொன்று உண்டு. அதற்கு நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். நம் ஆசிரியர்கள் கலைச்சொல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 'செய்மதி' என்னும் அழகிய சொல்லை ஈழத்தில் வழங்கிவரும் நாம் பிறவற்றுக்கும் சொல் காண மாட்டோமா?

செய்மதிகளின் வழிச் செய்தித்தொடர்பை 1945இலேயே எழுதிக் காட்டிய ஆதர் சி. கிளார்க், 1956இல் இத்தீவுக்கு வந்து திருகோணமலைக் கடலில் மூழ்கி ஆராய்ந்தவர். விண்ணையும் கடலையும் அவர் வேறுபடுத்தவில்லை. நம் பொறியியலாளரும் வேறுபடுத்தாதிருப்பின், அடுத்த அலை எழும் நாளிற் பாண்டிருப்புப் பிள்ளை அதனைக் கண்ணாற் காணுமுன்னே காதாற் கேட்டுவிடும்.