ஒப்பாரிச் சங்கமா?

மூட்டு நோய்க்காரர்கள் பத்துப் பேர் மாதம் ஒரு முறை ஒரு வீட்டுக் கூடத்தில் கூடிப் பேசுகிறோம் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். “அதென்ன, ஒப்பாரிச் சங்கமா? நோயை நினைக்க நினைக்கத்தானே அது வளரும்?” என்றார். நண்பர் நல்லவர், படித்தவர், ஆனால் காலையில் கண் விழித்து விரலை மடக்க முடியாமல் திகைத்தவர் அல்லர். அவருக்கும் அவரைப் போன்ற புத்திமான்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூட்டுவலி என்றாலே கிழவிகளின் முழங்கால் சமாசாரம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தேய்மானத்தால் வருவது வேறு. எனக்கு 38-வது வயதில் வந்த முடக்குவாதம் வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே திசைமாறி மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிற வியாதி இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

காலையில் ஒரு மணி நேரத்துக்கு என் கைகள் என்னுடையவை அல்ல. ஈரத் துணியைப் பிழிய முடியாது; பேனா மூடியைத் திருக முடியாது. எழுதிப் பிழைக்கிறவளுக்கு இது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? பத்து மணிக்கு மேல் விரல்கள் இளகிவிடும். அப்போது வருகிறவர்கள், “பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே!” என்பார்கள். கூடவே ஆலோசனை: உருளைக்கிழங்கை விடு, பூண்டுப் பால் குடி, தாமிர வளையல் போடு, இந்தத் தைலம் தடவு.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. வலக்கை நடுவிரலும் கோணிக்கொண்டது. ஆரம்ப மாதங்களிலேயே சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம் என்று அந்த ஆலோசகர்களில் ஒருவராவது சொன்னதுண்டா? சொன்னவர், ஓர் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையற்கார அம்மாள். “காலையிலே எவ்வளவு நேரம்மா பிடிச்சுக்குது?” என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் கேட்காத கேள்வி! மூட்டு நோய்க்கென்றே படித்த டாக்டரிடம் போகச் சொன்னவரும் அவர்தான்.

எங்கள் ஒப்பாரியின் லட்சணத்தையும் கேளுங்கள். வாரம் ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைப் புதிதாக வந்த ஒருவர் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார். ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் விஷயம். அன்றே அவரை டாக்டரிடம் அனுப்பினோம். இன்னொருவருக்கு ஏதோ பொடியால் இரண்டே நாளில் வலி பறந்தது. பிறகு முகம் உப்பிற்று. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், ஆனால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, பொடியோடு டாக்டரிடம் போங்கள் என்று சொன்னது எங்கள் சங்கம்தான்.

எங்களிடமும் குறை உண்டு. தனக்குக் கேட்ட மருந்தை ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்யும் ஆசை நோயாளிக்கும் வரும். ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறோம்: அனுபவத்தைச் சொல்லலாம், மருந்தை மாற்றச் சொல்லக் கூடாது.

அழுகையும் உண்டு, மறுக்கவில்லை. போன மாதம் ஓர் இளந்தாய், குழந்தையைத் தூக்க முடியவில்லையே என்று அழுதாள். “எல்லாம் சரியாகிவிடும்” என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தோம். பிறகு தையற்கார அம்மாள் ஒரு தலையணையை எடுத்து, விரல்களுக்குப் பாரம் கொடுக்காமல் முன்கைகளால் ஏந்தி அணைக்கும் விதத்தைக் காட்டினார். அந்தப் பெண் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஒப்பாரி செத்தவர்களுக்கு வைப்பது, ஐயா. நாங்கள் பிழைத்திருக்கிற வழியைப் பேசுகிறோம். துணி சுற்றித் தடிமனாக்கிய பேனாவால் இதை எழுதுகிறேன்; அந்த உபாயமும் சங்கத்தில் கற்றதுதான்.

அடுத்த மாதம் நண்பரும் தாராளமாக வரலாம். காபி உண்டு. ஒரே நிபந்தனை: எந்தத் தைலத்தின் பெயரையும் சொல்லக் கூடாது.