காவலும் மானமும்

2009ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்குப் பறந்து சென்ற விமானத்தில், பயணி ஒருவன் தன் உள்ளாடையில் மறைத்துக் கொணர்ந்த வெடிமருந்தை வெடிக்கச் செய்ய முயன்றான். அது சரிவர வெடிக்காமல் தீப்பற்றி எரிந்தது. உடனிருந்தோர் அவனை மடக்கிப் பிடித்தனர், விமானம் தப்பியது. உலோகத்தை மட்டும் காட்டிக் கொடுக்கும் பழைய வாயிற்கருவிக்குப் புலப்படக்கூடிய பொருளன்று அம்மருந்து. ஆகவே, அமெரிக்க விமான நிலையங்களில் அதுவரை சிற்சில இடங்களில் மட்டும் இருந்த உடல் ஸ்கேனர்கள் 2010இல் விரைந்து பெருகின.

அவை இருவகைப்பட்டன. ஒருவகை, மெல்லிய எக்ஸ் கதிர்களை உடலின்மீது செலுத்தி, சிதறி மீளும் கதிர்களைக் கொண்டு உருவம் அமைப்பது. மற்றொரு வகை, வானொலி அலைகளின் இனத்தைச் சார்ந்த மில்லிமீட்டர் அலைகளால் அப்பணியைச் செய்வது. இரண்டும் ஆடையைக் கடந்து செல்லும். உடலிற் பட்டு மீளும். எனவே, ஆடைக்குள் ஒளித்த பொருளோடு உடலும் திரையில் தோன்றிற்று. தனியறையில் அமர்ந்த அலுவலர் ஒருவர் அதனை நோக்கியிருந்தார். கருவிக்குள் நிற்க மறுத்தவர்கள் கையால் தடவிச் சோதிக்கப்பட்டனர்.

குற்றமற்றவர்க்கு மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பர் சிலர். குளியலறைக்குத் தாழிடுவோர் எல்லாரும் குற்றவாளிகள் அல்லரே! புற்றுநோயால் மார்பகத்தை இழந்து செயற்கை மார்பு அணிந்த பெண்ணை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறுவைக்குப் பின் வயிற்றில் கழிவுப்பை பொருத்திக்கொண்டு நடமாடும் முதியவரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உற்றாரிடமும் சொல்லத் தயங்கும் ஒன்றை முன்பின் அறியாதவர் கண்முன் வைக்குமாறு அவர்களைக் கட்டாயப்படுத்துவது சிறு செயலன்று. விமானத்தில் ஏறுவோர் உயிர் காக்கப்பட வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அதற்காகக் காண வேண்டுவது மறைத்த பொருளையா, மனிதர் உடலையா என்பதே கேள்வி.

படங்கள் சேமித்து வைக்கப்படமாட்டா என அதிகாரிகள் உறுதி கூறினர். ஆனால், மின்னணுத் தனியுரிமைத் தகவல் மையம் என்னும் அமைப்பு தகவல் பெறும் சட்டத்தின் வாயிலாகப் பெற்று 2010 சனவரியில் வெளியிட்ட ஆவணங்கள் வேறொன்றைக் காட்டின. சோதனைக்காகப் படங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் வல்லனவாகவே கருவிகள் இருத்தல் வேண்டுமென அரசு கேட்டிருந்தது. விமான நிலையத்திற்கு வருமுன் அவ்வாற்றல் நிறுத்தப்பட்டுவிடும் என்பது அதிகாரிகளின் விடை. அதே ஆண்டு ஆகஸ்டில், பிளாரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரின் நீதிமன்ற வாயிலில் இருந்த ஸ்கேனர் 35,000க்கு மேற்பட்ட படங்களைச் சேமித்திருந்தமை தெரியவந்தது. அது விமான நிலையமன்று, படங்களும் மங்கலானவையே. ஆயினும், சேமிக்க வல்ல கருவி சேமிக்காது என்பதற்கு வாய்மொழி போதிய காவலன்று என்பது அன்று விளங்கிற்று.

அவ்வமைப்பு தொடுத்த வழக்கில் 2011 சூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இச்சோதனை அரசியலமைப்புக்கு முரணன்று என்றது; ஆனால், பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின்னரே இதற்கான விதியை வகுத்திருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. முற்பகுதியையே பலரும் நினைவில் வைத்தனர், பிற்பகுதியே பெரிது. அந்த விதி முறைப்படி வெளிவர 2016 ஆயிற்று.

இதற்கிடையே, 2011 முதல் மில்லிமீட்டர் அலைக் கருவிகளில் புதிய மென்பொருள் ஒன்று சேர்க்கப்பட்டது. அது பயணியின் உடலைக் காட்டுவதில்லை. யாவர்க்கும் பொதுவான கோட்டுருவம் ஒன்றைக் காட்டி, ஐயத்திற்குரிய இடத்தை மட்டும் ஒரு கட்டத்தால் குறிக்கும். தனியறையும் வேண்டாவாயிற்று, கருவியருகே உள்ள திரையைப் பயணியும் காணலாம். இத்தகைய மென்பொருள் எல்லாக் கருவிகளிலும் இருத்தல் வேண்டுமென 2012இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. எக்ஸ் கதிர்க் கருவிகளுக்கு அதனை உரிய காலத்தில் அமைக்க இயலவில்லை. 2013இல் அவை விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியமோ 2011 நவம்பரிலேயே எக்ஸ் கதிர் வகையை விலக்கி, படங்களைச் சேமித்தலாகாது என்றும், ஸ்கேனரை விரும்பாதவர் வேறு வகைச் சோதனையைக் கேட்கலாம் என்றும் விதித்தது.

உடலைக் காட்டாமலே காவல் செய்ய வழி உண்டு என்பது இதனால் மெய்யாயிற்று. அவ்வழி முதலிலேயே தேடப்படாமல், மக்கள் முறையிட்ட பின்னர் வந்ததே குறை. பிழை முற்றும் நீங்கியதாகவும் கூற இயலாது. கோட்டுருவம் பொதுவானதாயினும், பயணி ஆணா பெண்ணா என அலுவலர் பார்த்த பார்வையில் முடிவு செய்து, அதற்குரிய பொத்தானை அழுத்தும் முறை நெடுநாள் இருந்தது. உடல் அக்கணக்கிற்கு ஒத்து வராதபோது கருவி ஐயுறும். திருநங்கையரும் திருநம்பியரும் வரிசையில் நிறுத்தப்பட்டுத் தடவிச் சோதிக்கப்படுவர். பால் வேறுபாடு நோக்காத மென்பொருளைக் கொணர்வதாக அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அறிவித்தது 2022இல்தான்.