காடு யாருடையது? கல்லாப்பெட்டி யாரிடம்?

இரும்பாணி ஒன்றுகூட அறையாமல் எழுப்பிய வீடுகள்! மின்கம்பம் ஒன்றுகூட நடாமல் எரிந்த விளக்குகள்! நீர்நிலையின் மேலே மரத்தூண்களில் நிற்கும் குடில்கள். தலைக்கு மேலே ஓலைக் கூரை. கண்ணுக்கெட்டிய தூரம் காடு, காடு, காடு! தென் அமெரிக்காவிலே, ஈக்குவடார் நாட்டின் கீழ்க்கோடியிலே, பெரு நாட்டு எல்லைக்கருகே 1996-ல் திறக்கப்பட்ட கபாவி விடுதியைப் பற்றித்தான் சொல்லுகிறேன், தோழர்களே!

தங்கி வந்த சீமான்கள் சிலாகித்துப் பேசுவார்கள். வெயிலிலே பிறந்த மின்சாரம், கிளிகளின் ஆரவாரம், விடியுமுன் எழுந்து வயூசா என்னும் இலைத் தேநீரைப் பருகியபடி, கண்ட கனவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அச்சுவார் மக்களின் வழக்கம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், அழகைக் கண்டு மயங்குபவன் விருந்தாளி. கணக்கைக் கேட்பவன் பாட்டாளி! நாம் கேட்போம்: ஓலை வேய்ந்த கை யாருடையது? ஓலைக்குக் கீழே விழுந்த காசு யாருடையது?

நிலம் அச்சுவார் மக்களுடையது. முதல் போட்டது சுற்றுலாக் கும்பெனி ஒன்று. இப்படிப்பட்ட இடங்களிலே வழக்கமாக நடப்பது என்ன? முதலாளி வருவான், வேலி போடுவான், மண்ணுக்குரியவனை வாசலிலே காவல்காரனாக நிறுத்துவான்! இங்கே அப்படி நடக்கவில்லை. அச்சுவார் மக்களின் கூட்டமைப்பு, கும்பெனிக்கு எதிரே சரிசமமாக உட்கார்ந்து பேசிற்று. மாத வாடகை 2,000 டாலர். அது ஆண்டுதோறும் 7 விழுக்காடு ஏறவேண்டும். வரும் விருந்தாளி ஒவ்வொருவருக்கும் 10 டாலர் தனி. 2011-ல் விடுதியே அச்சுவார் கையிலே! இதுதான் ஒப்பந்தம். 2011 வரை காத்திருக்கவும் நேரவில்லை. 2008-லேயே சாவி கைமாறிற்று. பரிமாறியவன் பங்காளியானான், படகு தள்ளியவன் உடைமையாளனானான்!

“டாலர் வைத்திருப்பவன் வந்து தூங்கிவிட்டுப் போகும் இடத்துக்கு இத்தனை ஆரவாரம் ஏன்?” என்று தோழர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் மண்ணுக்கடியிலே இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காடுகளின் கீழே எண்ணெய்! அச்சுவார் நாட்டுக்குச் சிறு விமானங்கள் கிளம்பும் ஊரின் பெயரே ஷெல். 1930-களிலே எண்ணெய் தேடி வந்த கும்பெனி விட்டுச்சென்ற பெயர் அது. எண்ணெய்க்காரன் வந்தால் சாலை வரும். சாலை வந்தால் கோடரி வரும். கோடரி வந்தால் காடு போகும். சரயாக்கு ஊரின் கிச்வா மக்களைக் கேளாமலே அவர்கள் மண்ணிலே வெடிமருந்தைப் புதைத்து எண்ணெய் தேடினார்கள். வழக்கு நாடு கடந்தது. 2012-ல், அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம், ஈக்குவடார் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

“எண்ணெய் வேண்டாமென்றால் சோற்றுக்கு வழி?” என்று ஆளவந்தார்கள் கேட்பார்கள். “இதோ வழி” என்று காட்டக் கையிலே ஒன்று வேண்டாமா? அந்த ஒன்றுதான் விடுதி. சீமானின் உல்லாசம், எளியவனின் கேடயமாயிற்று!

குறையையும் மறைக்க வேண்டாம். தன்னிறைவு, தன்னிறைவு என்று தம்பட்டம் அடிக்கிறார்களே, விளக்கு வெயிலால் எரிந்தாலும், விருந்தாளி வந்தது எரிபொருளை எரிக்கும் விமானத்திலே அல்லவா? சாலையில்லாத அந்த நாட்டிலே படகுக்கான எரிபொருளும் விமானத்திலே வரவேண்டியிருந்தது. விலையோ எட்டாத உயரம். அந்தத் தளையையும் அறுக்க முனைந்தார்கள். 2017-ல், சூரிய ஒளியால் ஓடும் படகு ஒன்று, தபியாத்பியா என்ற பெயரோடு அச்சுவார் ஆறுகளிலே மிதந்தது. அது விருந்தாளிக்கு மட்டுமல்ல, ஊராருக்கும் படகு! 2020-ல் கொள்ளைநோய் வந்து உலகச் சுற்றுலாவே முடங்கியபோது, விருந்தாளியை மட்டும் நம்பிய ஊர்களின் கதியை உலகமே கண்டது. தோட்டத்திலே மரவள்ளி உள்ளவன் தாங்குவான். தோட்டத்தை விற்று விடுதிக்குக் கூலியாகப் போனவன் எப்படித் தாங்குவான்? விடுதி, வாழ்வுக்குத் துணையாக இருக்கலாம். வாழ்வே விடுதியாகிவிடக் கூடாது!

ஆகவே தோழர்களே, ‘பசுமை விடுதி’ என்று பளபளக்கும் விளம்பரம் கண்ணிலே பட்டால், கூரை ஓலையா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். பட்டா யார் பெயரில் என்று கேளுங்கள். விளக்கு வெயிலால் எரிகிறதா என்பதோடு நிற்காதீர்கள். அடுப்படியிலே வேகின்றவனுக்குக் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமை உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், அது புதிய பாதை. இல்லையென்றால், அது ஓலை வேய்ந்த பழைய பண்ணைதான்!