ஒரு குளத்துக்காகப் பத்தாண்டு வழக்காடியவர்

டிசம்பர் 6 வருகிறது. நம் மாவட்டத்தில் அம்பேத்கர் சிலை இருக்கும் ஊர்களிலெல்லாம் மாலை விழும். காலையில் கட்சிக்காரர்கள் வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போவார்கள். கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் சிலைகளுக்கு மட்டும் முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். சாவி சில ஊர்களில் காவல் நிலையத்தில் இருக்கும், சில ஊர்களில் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். மாலை போட்ட கையோடு மறுபடியும் பூட்டிவிடுவார்கள்.

அரசியல் சட்டத்தை எழுதியவர் என்று அவரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவர் கருப்பு அங்கி அணிந்து நீதிமன்றப் படியேறிய வக்கீல் என்பதும், கட்சிக்காரர் வராமல் காத்திருந்தவர் என்பதும், ஒரு குளத்துத் தண்ணீருக்காகப் பத்தாண்டு வழக்கை நடத்தியவர் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. கிராமத்தில் இருக்கும் நமக்கு அந்த வக்கீல் அம்பேத்கர்தான் மிகவும் வேண்டியவர். அவரை இந்த ஆண்டு நினைத்துப் பார்ப்போம்.

அவர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1912-ல் பி.ஏ. முடித்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், லண்டனில் பொருளாதாரப் பள்ளியிலும் படித்தார். லண்டனில் கிரேஸ் இன் என்ற சட்ட நிறுவனத்தில் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். 1923-ல் பம்பாய் திரும்பியபோது அவருக்கு இணையாகப் படித்தவர்களை நாட்டில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவரிடம் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளும் சன்னதுக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. நவல் பாத்தேனா என்ற பார்சி நண்பர் கைகொடுத்த பிறகுதான் வக்கீல் தொழிலைத் தொடங்க முடிந்தது.

தொழில் தொடங்கியும் வழக்கு வரவில்லை. உயர் நீதிமன்றத்தில் பாரிஸ்டருக்கு வழக்குகளைக் கொடுப்பவர்கள் சொலிசிட்டர்கள். தீண்டத்தகாத சாதியில் பிறந்தவரிடம் பெரிய வழக்குகளைத் தர அவர்கள் முன்வரவில்லை. பிழைப்புக்காகக் கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டப் பாடம் நடத்தினார். குடியிருந்தது பரேலில், தொழிலாளர் நிறைந்த லைன் வீட்டில். அந்தப் பகுதியில் இருந்த தாமோதர் அரங்கமே அவருடைய பொதுவேலைக்கு அலுவலகம். ஆலைத் தொழிலாளியும் ஏழை எளியவரும் அவரைத் தேடி அங்கேதான் வந்தார்கள்.

கிடைத்த வழக்குகளில் அவருடைய குணம் தெரிந்தது. பிராமணரல்லாத இயக்கத்தைச் சேர்ந்த பாக்டே, ஜேதே, ஜவால்கர் ஆகியோர் மீது ஒரு நூலுக்காக அவதூறு வழக்கு வந்தபோது, 1926-ல் அவர்களுக்காக வாதாடி விடுவித்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் பாலியல் நலம் பற்றியும் பத்திரிகை நடத்திய ர.தோ. கார்வே மீது 1934-ல் ஆபாச வழக்கு வந்தபோது அவருக்காகவும் நின்றார். அந்த வழக்கில் தோற்றார், கார்வேவுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஊரே எதிர்க்கும் ஆளுக்காக நிற்பதும், தோற்பது தெரிந்தாலும் வாதத்தை முழுமையாக வைப்பதும் வக்கீலின் கடமை என்று அவர் நினைத்தார்.

அவருடைய வாழ்க்கையின் பெரிய வழக்கில் அவர் வக்கீலாக மட்டும் இல்லை, முதல் பிரதிவாதியும் அவரே. அது மகாத் நகரத்துச் சவுதார் குளம் பற்றிய வழக்கு.

பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், பள்ளி ஆகியவற்றைத் தீண்டத்தகாதோர் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டசபை 1923-ல் தீர்மானம் நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் எஸ்.கே. போலே. அதன்படி மகாத் நகராட்சியும் 1924-ல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் தீர்மானம் காகிதத்தோடு நின்றது. மூன்று ஆண்டு எந்த மகாரும் அந்தக் குளத்தில் இறங்க முடியவில்லை. முஸ்லிம்கள் தண்ணீர் எடுத்தார்கள், ஆடு மாடுகள் குடித்தன. இவர்களுக்கு மட்டும் தடை.

1927 மார்ச் 20-ஆம் தேதி, மகாதில் கூடிய மாநாட்டு மக்களோடு அம்பேத்கர் ஊர்வலமாகச் சென்று அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அடுத்து கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளம்பியது. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களை ஊர்க்காரர்கள் அடித்தார்கள். திருப்பி அடிக்க ஆள்பலம் இருந்தது. அம்பேத்கர் வேண்டாம் என்றார். பிறகு சாணமும் கோமியமும் கரைத்த குடங்களைக் கொட்டிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

டிசம்பர் இறுதியில் மறுபடியும் குளத்துக்குப் போவது என்று முடிவானது. அதற்குள், 12-ஆம் தேதி, ஆதிக்கச் சாதியினர் நீதிமன்றம் போனார்கள். குளம் தங்களுக்கு உரியது, தீண்டத்தகாதோர் அதைத் தொடாதிருப்பது தொன்றுதொட்ட வழக்கம் என்பது அவர்கள் வாதம். இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை செல்லவும் தயாராக மகாதில் கூடிவிட்டார்கள். அம்பேத்கர் அவர்களிடம் பேசி, நீதிமன்றத் தடையை மீறாமல் குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் போகச் செய்தார். டிசம்பர் 25-ல் அங்கேதான் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. மனுவின் சட்டத்தை எரித்தவரே நீதிமன்றத்தின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றார். இதில் முரண் இல்லை. மனுவின் சட்டத்தில் அவருக்கு வாதாட இடமே கிடையாது. நீதிமன்றத்தில் அந்த இடம் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவர் விரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஆண்டுக் கணக்கில் வாய்தா. 1931-ல் மகாத் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தது. 1933-ல் தானே மாவட்ட நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கடைசியாக 1937 மார்ச் 17-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொன்றுதொட்ட வழக்கம் என்று சொன்னால் போதாது, அதற்குச் சான்று வேண்டும், அந்தச் சான்று இல்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

'காலங்காலமா இப்படித்தான்' என்ற பேச்சை நாம் எத்தனை ஊரில் கேட்டிருக்கிறோம்! பொதுப் பாதையில் பிணம் கொண்டுபோக முயலும்போது கேட்கிறோம். தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று கேட்கும்போது கேட்கிறோம். டீக்கடையில் தனி டம்ளர் ஏன் என்று கேட்டாலும் அதே பதில். எத்தனை காலமாக, எந்த ஆவணத்தில், யார் கொடுத்த உரிமை என்று திருப்பிக் கேட்கலாம் என்பதை மகாத் வழக்கு நமக்குக் கற்றுத் தந்தது.

இந்தச் சண்டை அந்தப் பக்கம் மட்டும் நடந்ததில்லை. சென்னை மாகாண சட்டசபையிலும் 1924-ல், இரட்டைமலை சீனிவாசன் போன்றோரின் முயற்சியால், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் வந்தது. அதே சீனிவாசன் 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். 1942 ஜூலையில் நாக்பூரில் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவராகத் தேர்வானவர் சென்னை வக்கீல் ந. சிவராஜ். சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். பிறகு சென்னை மேயராகவும், 1957-ல் செங்கல்பட்டிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். சட்டம் படித்தவர்கள் சேரிக்குத் திரும்பிவந்து வேலை செய்த ஒரு தலைமுறை நமக்கு இருந்தது.

அம்பேத்கரின் பொதுவேலையும் அப்படிப்பட்டதுதான். 1924-ல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கி, மாணவர் விடுதியும் நூலகமும் அமைக்கப் பாடுபட்டார். பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி, 1935-ல் அதன் முதல்வரும் ஆனார். 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் சித்தார்த் கல்லூரி அடுத்த ஆண்டு திறக்கப்பட்டது. 1947-ல் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லி, சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று அது விதிக்கிறது. சவுதார் குளம் நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவு அதற்குப் பின்னால் வருகிறது. பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்ட மசோதா நிறைவேறாமல் முடங்கியபோது, 1951-ல் சட்ட அமைச்சர் பதவியையே விட்டு விலகினார்.

அவருடைய சமய வாழ்வையும் ஒரு வக்கீல் வாழ்ந்த விதத்தில்தான் பார்க்க வேண்டும். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935 அக்டோபரில் இயோலாவில் அறிவித்தார். தீட்சை எடுத்தது 1956 அக்டோபர் 14-ல், நாக்பூரில், லட்சக்கணக்கான மக்களோடு. இடையில் 21 ஆண்டுகள். கோபத்தில் எடுத்த முடிவாக இருந்தால் அடுத்த மாதமே மாறியிருப்பார். எல்லாச் சமயங்களையும் படித்து, ஒப்பிட்டு, விசாரித்து, தீர்ப்பு எழுதுவதுபோல முடிவுக்கு வந்தார். அதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1898-லேயே அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிவிட்டார். அந்த இயக்கத்தில் இருந்த பேராசிரியர் லட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலை 1948-ல் முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். சமயம் என்பது மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைச் சீராக்க வேண்டும் என்பது அவர் கொண்ட முடிவு. தீட்சை எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 6-ல் மறைந்தார்.

குளத்து வழக்கு முடிந்துவிட்டதா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குற்றவாளி யார் என்பதில் சி.பி.சி.ஐ.டி. சொன்னதை அந்தத் தெரு மக்கள் ஏற்கவில்லை. தண்ணீர் இன்னும் நமக்கு வழக்காகவே இருக்கிறது. அம்பேத்கர் பத்தாண்டு காத்திருந்தார் என்பதற்காக நாமும் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அவர் கையில் இல்லாத சட்டங்கள் நம் கையில் இருக்கின்றன. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி புகாரைப் பதிவு செய்வது காவல் அதிகாரியின் கடமை, வேண்டுமென்றே தவறினால் அவருக்கே தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பும் நிவாரணமும் அதில் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இது தெரியாமல், சமாதானக் கூட்டத்தில் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு சொல். சன்னதுக் கட்டணத்துக்கு அம்பேத்கர் நண்பரை நாட வேண்டியிருந்தது. வக்கீலாகப் பதிவு செய்ய, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் பார் கவுன்சில்கள் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பைப் பற்றியும் விசாரியுங்கள். மாநிலச் சட்டப் பல்கலைக்கழகமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு காலனியிலும் ஒரு வக்கீல் இருந்தால், ஒரு முதல் தகவல் அறிக்கையை வாசித்துச் சொல்ல ஆள் இருந்தால், ஊர்க் கூட்டத்தில் பேச்சின் தொனியே மாறும்.

கூண்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த டிசம்பர் 6-ல் கேளுங்கள். ஏன் பூட்டியிருக்கிறது என்றும், எந்த உத்தரவின்படி என்றும் மனு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். மாலை போட வருகிறவர்கள் அரசியல் சட்டத்தின் 15, 17-ஆம் பிரிவுகளைச் சிலையின் முன் உரக்க வாசிக்கட்டும். தெருவில் நிற்கும் பிள்ளைகள் காதில் அது விழட்டும்.