எழுத விரும்பும் இளைஞர்க்கு

“படிப்பை நிறுத்திவிட்டு முழுநேர எழுத்தாளனாகப் போகிறேன், ஐயா” என்று நம்மிடம் பயிலும் மாணவனொருவன் அண்மையில் வந்து கூறினான். அவனது சிறுகதையொன்று அவ்வாரந்தான் அச்சேறியிருந்தது. அவன் ஆர்வத்தை மெச்சினோம், முடிவை மெச்சினோமல்லேம்.

யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவாவை அவனுக்கு நினைவூட்டினோம். பள்ளியை இடைநடுவே விட நேர்ந்தமை அவர் விரும்பி ஏற்றதன்று. சிகை அலங்கரிப்பு நிலையத்தில் உழைத்துக்கொண்டே அவர் கற்றார், எழுதினார். ஒடுக்கப்பட்டோர் வாழ்வே அவர் கதைகளுக்குப் பொருளாயிற்று. 1960இல் வெளிவந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ இதழைத் தாமே கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றார். அவ்விதழ் 2012 வரை நிலைத்தது.

தொழில் எழுத்துக்குப் பகையன்று. அதுவே எழுத்துக்கு விளைநிலம். எழுத்தையே சோற்றுக்கு நம்பியவன் பிறர் கேட்பதை எழுத நேரும். உழைத்து உண்பவனோ தான் கண்டதை அஞ்சாது எழுதலாம்.

ஆதலின், மாணவர்களே, நாள்தோறும் அரைமணி நேரமேனும் எழுதுங்கள். எழுதியதைப் பதினைந்து நாள் பெட்டியில் வைத்திருந்து, பின்னர் உரக்க வாசியுங்கள். நா இடறுமிடத்தைத் திருத்துங்கள். கதை திரும்பி வருமாயின் பத்திரிகாசிரியரை நோவாது, பிழை எங்கேயென்று தேடுங்கள்.

அம்மாணவன் இன்றும் வகுப்புக்கு வருகின்றான். தன் இரண்டாவது கதையை மூன்றாம் முறையாகத் திருத்திக்கொண்டிருக்கின்றான்.